வழியனுப்பாத வீடு

நான் குடியிருந்த வீட்டில் இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் துடைப்பமே எடுக்கவில்லை. அதனால் வீடு குப்பையாகக் கிடந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அந்தத் தெருவிலேயே பளிச்சென்று இருந்தது அந்த வீடுதான். வீட்டுக்காரர் மகள் லூதி தினமும் காலையில் முட்டி போட்டு ஈரத்துணியால் மூங்கில் தரையைத் துடைப்பாள். சிந்திய சோற்றைப் பொறுக்க இரண்டு கோழிகளை ஏணி வழியாக மேலே விடுவார்கள். தூசி இருந்தால் அவள் அப்பா தாதாங் இமோங் குப்புறப் படுத்து வாயால் ஊதுவார். மூங்கில் இடுக்கு வழியாக அது கீழே, என் அறைக்குள் விழும்.

"கீழ இருக்கியா, சியோன்?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊதுவார். நல்ல மனிதர்.

மணிலாவுக்கு வடக்கே, எங்கள் இலோகோஸ் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில், அடக்கம் முடியும்வரை பெருக்க மாட்டார்கள். துக்கத்துக்கு வந்தவர்களை வழியனுப்பவும் மாட்டார்கள். வந்தவர்கள் தாமாக எழுந்து சொல்லாமல் போய்விட வேண்டும். முருங்கைக்கீரை ஆக்கக் கூடாது. காம்பை உருவினால் இலை ஒன்றன்பின் ஒன்றாக உதிர்கிற மாதிரி, சாவும் ஒன்றன்பின் ஒன்றாக வருமாம். எல்லா வீட்டிலும் மூன்று நான்கு நாள் பாடு இது. அடக்கம் ஆனதும் வைக்கோல் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, கரும்புக் கள்ளும் ஊற்றி, ஆற்றங்கரையில் வீட்டுக்காரர்களுக்குத் தலைமுழுக்கு நடத்துவார்கள். அத்துடன் துக்கவீடு பழையபடி வீடாகிவிடும்.

லூதியின் அம்மா நானாங் பாசியாங்கின் வீட்டில் அடக்கம் நடக்கவில்லை. மகன் பெலாகியோ, வீட்டில் கூப்பிடுவது ஆயோங் என்று, கொரியாவுக்குப் போன படையில் இருந்தான். அங்கே ஓர் ஆற்றங்கரைச் சண்டையில் செத்துப்போனான் என்று தந்தி வந்தது. பிறகு பதக்கம் வந்தது. கோயிலில் பூசை நடந்தது, நகரசபைத் தலைவர் பேசினார். உடம்பு மட்டும் வரவில்லை. கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். எனவே நானாங் பாசியாங்கின் கணக்குப்படி அந்த வீட்டில் இன்னும் பிணம் எடுக்கவில்லை.

பகலில் எனக்குத் தறி வேலை. சாயங்காலம் ஊருக்குள் தட்டச்சு வகுப்பு. நடந்ததை எல்லாம் படுக்கும் முன் எழுதி வைப்பது பழக்கம். ஆனாலும் சரியாகத்தான் கேட்டேனா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. அதனால் சந்தேகப்பட்ட இடங்களை லூதியிடம் படித்துக் காட்டித் திருத்தியிருக்கிறேன். கொச்சையாக வருகிற ஓர் இடத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "அத எடுத்தா மிச்சத்தையும் கிழிச்சுப் போடு" என்றாள்.

நான் சொல்ல வந்தது நடந்தது கரும்பாலை ஓடுகிற மாசத்தில். வடக்கிலிருந்து குளிர்ந்த காற்று வீசிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் எருமைக்கடா செக்கைச் சுற்றி வரும். தாதாங் இமோங் இரண்டு மர உருளைகளுக்கு நடுவே கரும்பைக் கொடுப்பார். சக்கையை வெயிலில் காயப்போட்டு அதையே அடுப்புக்குத் தள்ளுவோம். கொப்பரையில் சாறு கொதித்து நுரை பொங்கும்போது நானாங் பாசியாங் அகப்பையால் நுரையை வழித்துக்கொண்டே இருப்பாள். பாகு பதமாகிவிட்டதா என்பதை நீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பாள். பிறகு தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றி வெல்லம் பிடிப்போம். அந்த மாசம் முழுக்க எங்கள் தலைமயிரிலும் துணியிலும் வெல்ல வாசம்தான்.

லூதிக்குக் கடற்கரைப் பக்கத்து மீனவன் பிடியோங்கைப் பிடித்திருந்தது. அவன் வீட்டார் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார்கள். இரண்டு தடவையும் நானாங் பாசியாங் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: "துக்கவீட்டுல கல்யாணப் பேச்சா?" மூன்றாவதாக, பெண் கேட்க அவர்களே வருவதாகச் செய்தி வந்தது. அடுத்து வருகிற நாற்பது நாள் தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. அதற்குள் முடியாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் செக்கடியில் லூதி அப்பாவிடம் பொரிந்து தள்ளினாள்.

"நீங்க ஒரு வார்த்த சொல்லக் கூடாதா தாதாங்?"

"என்னத்தச் சொல்ல?"

"நீங்க ஆம்பள. வீட்டுக்குப் பெரியவரு."

"பெரியவரு முருங்கக்கீர தின்னு எத்தன நாளாச்சு தெரியுமா? பக்கத்து வீட்டுல போயி, வேலிக்கு அந்தப்புறம் நின்னுகிட்டே திங்கிறேன், திருட்டுப்பய மாதிரி. நான் போயி பேசவா?"

"வெளயாடாதீங்க."

அவர் ஒரு கரும்பை உருளைக்குள் கொடுத்து, அது நசுங்கி மறுபக்கம் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க அம்மாகூட நான் சண்ட போட்டுருவேன், மகளே. முப்பது வருஷமாப் போட்டுகிட்டுதான இருக்கேன். அவ உங்க அண்ணன இல்ல முன்னால நிறுத்துறா. அவங்கூட எப்படிச் சண்ட போடுறது?"

லூதி காய்ந்த சக்கையை அள்ளிக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள்.

அவர்கள் காலையிலேயே எருமைவண்டியில் வந்து இறங்கினார்கள். பிடியோங்குக்கு அப்பா இல்லை. அதனால் பேச வந்தவர் பெரியப்பா பால்தோ. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. கடலோரம் முழுக்க அவர் மரியாதைக்குப் பேர் போனவர். ஒரு வீட்டில் தண்ணீர் குடித்தால்கூட உத்தரவு கேட்டுத்தான் கிளம்புவார் என்பார்கள். கூட வந்தவர் அவர் மனைவி குலாசா. மூக்குப்பொடியும் சிரிப்புமாக இருக்கிற பெரிய உடம்புக்காரி. பிடியோங் கூடை நிறைய மீனோடு பின்னால் நின்றான்.

"கும்பிடுறேன் சம்பந்தியம்மா" என்றார் பால்தோ, ஏணியடியில் நின்று.

"அது இன்னும் ஆகல" என்றாள் நானாங் பாசியாங் மேலே இருந்து. "ஏறி வாங்க."

மேலே சுவரில் ஆயோங்கின் படம் இருந்தது. இராணுவத் தொப்பி காதுவரை இறங்கி, சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிற படம். கீழே எண்ணெய் விளக்கு. பால்தோ படத்துக்குத் தலை வணங்கிவிட்டு உட்கார்ந்து, மீன்பிடிப்பில் தொடங்கி, மழையைத் தொட்டு, வலை விலையைச் சுற்றி, முறைப்படி பேச்சைக் கொண்டுவந்து கல்யாணத்தில் நிறுத்தினார்.

நானாங் பாசியாங் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "பையன் நல்ல பையன். நான் கொற சொல்ல மாட்டேன். ஆனா இது துக்கவீடு மானோங்" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள்.

"தெரியும். ரெண்டு வருஷம் ஆகப்போகுது. பெரிய துக்கந்தான்."

"ரெண்டு வருஷமோ இருவது வருஷமோ. எம்மகன நான் இன்னும் பொதைக்கல. பொதைக்காம தலமுழுக்கு இல்ல. தலமுழுக்கு இல்லாம கல்யாணம் இல்ல. இது நான் போட்ட சட்டமா?"

பால்தோ முறை தெரிந்தவர். அவரால் அதற்கு எதிராகப் பேச முடியவில்லை. கொஞ்சநேரம் தொடையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நின்றார்.

"அப்ப நாங்க உத்தரவு வாங்கிக்கிறோம்."

யாரும் வாய் திறக்கவில்லை.

பால்தோ காத்து நின்றார். நானாங் பாசியாங் மீன் கூடையைப் பார்த்தாள். தாதாங் இமோங் கூரையைப் பார்த்தார். லூதி என்னைப் பார்த்தாள். நான் அந்த வீட்டில் குடியிருக்கிறவள். நானும் சொல்லக் கூடாது.

"கிளம்புறோம்" என்றார் மறுபடி, காது கேட்கவில்லையோ என்று கொஞ்சம் உரக்க.

பதில் இல்லை. உத்தரவு கொடுக்காத வீட்டிலிருந்து அவர் எப்படிப் போவார். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்.

"பெரியப்பா" என்று பிடியோங் கிசுகிசுத்தான், "இங்க வழியனுப்ப மாட்டாங்க. நாமளாத்தான் எந்திரிச்சுப் போகணும்."

"சொல்லாமயா? நான் என்ன கோழி திருடவா வந்தேன்?"

"துக்கவீட்டு முறை பெரியப்பா."

"துக்கத்துக்கு வந்தா அது முறை. நான் பொண்ணு கேட்டுல்ல வந்தேன். பொண்ணு கேட்டு வந்தவன் உத்தரவு வாங்காமப் போனா, அப்புறம் அந்தப் பக்கம் தலகாட்ட முடியுமா?"

இதில் யார் சொன்னது சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டு முறையும் எங்கள் முறைதான். இப்படி ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

மத்தியானம் ஆகிவிட்டது. வந்தவர்களைப் பட்டினி போட முடியுமா? அவர்கள் கொண்டுவந்த மீனையே சுட்டோம். கத்தரிக்காய், பாகற்காய், வெண்டைக்காய் எல்லாம் போட்டு, உப்பில் புளிக்கவைத்த மீன் ஊறல் ஊற்றிக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டு முடித்ததும் பால்தோ கை கழுவிக்கொண்டு இன்னொரு தடவை உத்தரவு கேட்டுப் பார்த்தார். நானாங் பாசியாங் அவருக்கு வெற்றிலைத் தட்டை நகர்த்தினாள்.

குலாசா சிரிக்கத் தொடங்கிவிட்டாள். சத்தம் வராமல் அவள் உடம்பு மட்டும் குலுங்கியதில் மூங்கில் தரையே ஆடியது. "சரி, மாட்டிகிட்டோம். எனக்கு ஒரு தலகாணி குடு லூதி. இந்த மனுசன் நாளைக்கும் இங்கதான் உக்காந்திருப்பாரு."

"சீட்டுக்கட்டு இருக்கு" என்றார் தாதாங் இமோங் மெதுவாக.

எங்கள் பக்கம் துக்கவீட்டில் ராத்திரி கண்விழிக்கச் சீட்டு ஆடுவார்கள். செத்தவனைப் பற்றிப் பேசுவார்கள், சிரிப்பார்கள், கரும்புக் கள் குடிப்பார்கள். பிணம் தனியாக இருக்கக் கூடாது என்பதற்காக. இந்த வீட்டில் மட்டும் அது நடக்கவில்லை. பூசை முடிந்த அன்றைக்கு எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பெட்டி இல்லாத வீட்டில் எதைச் சுற்றி உட்காருவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தப் படத்துக்கு முன்னால் ஆட்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

இரண்டு ஆட்டம் போனது. பால்தோ சீட்டைப் பிரித்துப் பிடித்தபடி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பையன் வெல்லம் விக்க எங்க பக்கம் வருவானோ?"

"வருவான்" என்றார் தாதாங் இமோங். "வெல்லம் குடுத்துட்டு மீன் வாங்கிட்டு வருவான்."

"காதுகிட்ட ஒரு தழும்பு?"

"எரும முட்டுனது" என்றாள் நானாங் பாசியாங். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அவள் கை நின்றுவிட்டது. "உங்களுக்கு அவனத் தெரியுமா?"

பால்தோ சீட்டைக் கவிழ்த்து வைத்தார். அவரும் மானாங் என்று அக்கா முறைக்கு வந்துவிட்டார். "தெரியுமாவா? எம்படகுல ஏறினவன் மானாங். பறக்குற மீன் பாக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னான். கரும்புக்காட்டுப் பய, ஒனக்கு எதுக்குடா கடல்னு கேட்டேன். எருமைய அடக்குறவனுக்குப் படகு எம்மாத்திரம்னான்."

"அப்படித்தான் பேசுவான்" என்றாள் லூதி.

"கரை மறையல. அதுக்குள்ள வாந்தி. காலைல தின்னது, ராத்திரி தின்னது, ஞானஸ்நானத்துக்குக் குடிச்ச பாலுகூட வந்துருச்சுன்னு நெனைக்கிறேன். பறக்குற மீனு அவம் மூக்குக்கு நேராப் பறந்து போவுது. பாருடா பாருடான்னு நான் கத்துறேன். தலையத் தூக்கல. 'மீனப் போகச் சொல்லுங்க, இன்னொரு நாள் பாத்துக்கிறேன்'னான்."

தாதாங் இமோங் வாயில் இருந்த கள்ளைத் துப்பிவிட்டார். குலாசா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கரையில எறக்கி விட்டதும் மண்ணுல படுத்துகிட்டு, செத்தாலும் இனிமே படகுல கால் வைக்க மாட்டேன்னு சிலுவை போட்டுச் சத்தியம் பண்ணான். நாந்தான் கஞ்சி வச்சுக் குடுத்தேன்" என்றாள்.

"எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றாள் நானாங் பாசியாங். "மீன் வெல அதிகம், அதான் லேட்டுன்னு சொன்னான்." பிறகு அவளுக்கு எதுவோ தோன்றியது. "அப்ப கொரியாவுக்குக் கப்பல்ல..."

"வாந்தி எடுத்துட்டேதான் போயிருப்பான்" என்றார் பால்தோ. "மணிலாவுல ஆரம்பிச்சு அந்தக் கரை வரைக்கும்."

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து நான் எழுந்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அது தாதாங் இமோங்கைத் தொற்றி, லூதியைத் தொற்றி, கடைசியில் பிடியோங்கும் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"எங்க பக்கம் ஒருத்தன் கடலோட போயிட்டா" என்றாள் குலாசா பொடியை உறிஞ்சிக்கொண்டே, "பாதிப் பேரு கெடைக்க மாட்டாங்க. அதுக்காக நாங்க பொதைக்காமயே கெடக்குறமா? கடல் ஓரத்துலயே தலமுழுக்கு ஊத்திருவோம். ஆளு அங்க இருக்கான்ல."

"கடல்ல போனவனுக்கு அது சரி" என்றாள் நானாங் பாசியாங். "எம்மகன் கடல்ல சாகல. அவன் அந்த ஊரு மண்ணுல எங்கயோ கெடக்குறான்."

"அது வாஸ்தவம்."

"அப்ப?"

பால்தோ தொண்டையைச் செருமினார். மரியாதைக்காரர் ஆயிற்றே, சொல்லலாமா வேண்டாமா என்று அவர் தவித்தது தெரிந்தது. "கோவிச்சுக்கக் கூடாது மானாங். பையன் வயித்துல இருந்தது பாதிக்கு மேல எங்க கடல்லதான் கெடக்கு."

தாதாங் இமோங்கின் முகம் வெளுத்துவிட்டது. லூதி கண்ணை மூடிக்கொண்டாள். நானாங் பாசியாங் அவரை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க என்ன, எம்மகன் வாந்திய அடக்கம் பண்ணச் சொல்றீங்களா?"

"இல்ல, இல்ல. நான்..."

"அதுல நான் ஊட்டுனதும் இருக்கும்ல" என்றாள் அவள், யோசனையாக. "அன்னைக்கு என்ன ஆக்கிக் குடுத்தேன்னு ஞாபகம் இல்ல. ஆனா நாந்தான் ஆக்கியிருப்பேன்."

பின்பக்கம் செக்கில் பூட்டாமல் விட்ட எருமை கழுத்தைச் சொறிந்துகொள்கிற சத்தம் கேட்டது. அவள் எழுந்து விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தாள். படத்தின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

வெயில் சாய்ந்துவிட்டது. என் வகுப்பு தொடங்கியிருக்கும். பால்தோ கடைசித் தடவையாக எழுந்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு. "மானாங். எருமைக்குத் தண்ணி காட்டணும். நீங்க ஒரு தலையாட்டல் ஆட்டினாப் போதும். நான் அத உத்தரவா எடுத்துக்கிறேன்."

"தலையும் ஆட்ட முடியாது. எம்மகன் இன்னும் இருக்குறான் இங்க."

பால்தோவின் தோள் தொங்கிவிட்டது. பிடியோங் லூதியைப் பார்த்தான். அவள் சீட்டுகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள், ஏற்கெனவே அடுக்கியதைக் கலைத்து மறுபடி.

நானாங் பாசியாங் மூலையிலிருந்த கள்ளுக்குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டாள்.

"சியோன், வைக்கோல் சாம்பல் ஒரு சட்டியில அள்ளு. இமோங், விளக்க அமத்திராத, பக்கத்து வீட்டுல சொல்லிப் பாத்துக்கச் சொல்லு. லூதி, மாத்துத் துணி எடு." பிறகு பால்தோவிடம் திரும்பினாள். "நான் உங்கள வழியனுப்பல மானோங். கூட வர்றேன். வண்டியில எடம் இருக்கா?"

வண்டியில் இடம் இல்லை. குலாசா ஒருத்தியே பாதி வண்டி. ஆனாலும் எல்லோரும் ஏறினோம். பால்தோ சட்டை கசங்குமே என்றுகூடப் பார்க்காமல் பின்னால் தொங்கிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் ஆயோங் எந்த இடத்தில் படுத்துப் புரண்டு சத்தியம் செய்தான் என்று அவருக்கும் குலாசாவுக்கும் தகராறு. பனைமரத்துக்கு வடக்கா, தெற்கா என்று.

அன்றிரவு அவர்கள் வீட்டில் படுத்து, விடிந்ததும் கடலுக்குப் போனோம். வலை இழுக்கிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். குலாசா தண்ணீரில் சாம்பலைக் கரைத்தாள், கள்ளை ஊற்றினாள். நானாங் பாசியாங் கொண்டையை அவிழ்த்துவிட்டு முழங்கால் அளவு தண்ணீரில் நின்றாள்.

"கொரியா எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

ஒருவன் முனைக்கு நேராகக் கையைக் காட்டினான். இன்னொருவன் அதற்கு இடப்பக்கம் என்றான். மூன்றாமவன், இரண்டு பேருமே சீனாவைக் காட்டுகிறார்கள் என்றான். மீனவர்களுக்குள் சண்டையே வந்துவிடும் போலிருந்தது.

"சரி விடுங்க" என்றாள் அவள். "தண்ணிக்குத் தெரியும்."

குலாசா ஊற்றினாள். சாம்பல் தண்ணீர் அவள் நரைமுடி வழியாக இறங்கிக் கடலில் கருப்பாகக் கலைந்தது. பிறகு தாதாங் இமோங்குக்கு, பிறகு லூதிக்கு. தாதாங் இமோங் மட்டும் கொஞ்சம் அழுதார். நானாங் பாசியாங் கடலைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் எதையோ பேசிக்கொண்டிருந்தாள். அலைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. லூதிக்கும் கேட்கவில்லையாம். நாங்கள் எப்படிக் கேட்டும் அவள் சொல்லவில்லை. ஒரு சொல் மட்டும் எனக்குக் கேட்ட மாதிரி இருந்தது. சரியாகத் தெரியாததால் எழுதவில்லை.

கரைக்கு வந்து முடியைப் பிழிந்துகொண்டே பால்தோவைக் கூப்பிட்டாள்.

"எத்தன பன்னி?"

பால்தோவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "எதுக்கு?"

"கல்யாணத்துக்கு. மாப்பிள்ள வீட்டுல எத்தன பன்னி அடிப்பீங்க?"

லூதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு" என்றார் பால்தோ. "நல்லா கொழுத்த ஒண்ணு."

"ஒண்ணா? எங்க தெரு மட்டுமே ரெண்டு பன்னி திங்கும்."

"மானாங், நாங்க மீன் புடிக்கிறவங்க. பன்னி எங்க பக்கம் நீந்தி வராது."

"வெல்லம் குடுத்து வாங்கிக்குங்க. நான் தர்றேன்."

"சரி, ரெண்டு." அவர் பெருமூச்சு விட்டார். "நேத்து வாயே தெறக்காம இருந்தீங்க. அந்த மனுசிகிட்டயே பேசி முடிச்சிருக்கணும்."

"மூணு" என்றாள் நானாங் பாசியாங்.

"ரெண்டுன்னு இப்பத்தான சொன்னீங்க."

"ரெண்டு நான் கேட்டது. தங்கச்சிக்குக் கல்யாணம்னா அண்ணங்காரன் ஒண்ணு கேக்க மாட்டானா? அவனுக்கும் சேத்து நாந்தான கேக்கணும்."

பால்தோ கடல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு ஈரமாகிக் கசங்கிப்போன வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தானை மாட்டிக்கொண்டார், ஒரு பெரிய மனிதர் முன்னால் நிற்கிற மாதிரி.

"அவன் கேட்டா இல்லன்னு சொல்ல முடியாது" என்றார். "மூணு."